பித்தளை ருசியும் ஒற்றன் கதையும்

நோயிலிருந்து எழுந்து வந்தவர்கள் எழுதுவதை நிறையப் படித்திருக்கிறேன். பெரும்பாலும் தைரியத்தைப் பற்றி எழுதுகிறார்கள். என்னிடம் அந்தச் சரக்கு இல்லை. எனக்குக் கல்லீரலில் சீழ்க்கட்டி வந்தது, ஊட்டியில் ஒரு மருத்துவமனையில் படுத்திருந்தேன், குணமாகி வீட்டுக்கு வந்துவிட்டேன். வயிற்றுக் கோளாறுக்குக் கடையில் மாத்திரை கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளும் பழக்கம் உள்ளவர்கள் இதைப் படித்தால் நல்லது. ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அதற்காக மட்டும் இல்லை. அங்கே படுத்துக்கொண்டு ஒருவரிடம் நான் பேசிய பேச்சை நினைத்தால் இப்போதும் முகத்தைத் தலையணையில் புதைத்துக்கொள்ளத் தோன்றுகிறது.

என் தொழிலை முதலில் சொல்லிவிடுகிறேன். குன்னூரில் ஏலத்துக்குப் போகும் தேயிலைத் தூளை முன்கூட்டியே ருசி பார்த்து மதிப்பிடும் ஓர் அலுவலகத்தில் டேஸ்டராக இருக்கிறேன். நீள மேசையில் வரிசையாகக் கப்புகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி எடுத்து, சத்தமாக உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றி, துப்பிவிட்டு அடுத்த கப்புக்குப் போக வேண்டும். இது நன்றாக வந்திருக்கிறது, இதில் இலை சரியாக வாடவில்லை, இது கருகிவிட்டது என்று ஃபேக்டரிகளுக்குச் சொல்லி அனுப்புவதும் எங்கள் வேலைதான். மலையிலுள்ள சின்ன ஃபேக்டரிக்காரர்கள் எங்கள் நாக்கை நம்பித்தான் தங்கள் வேலையைத் திருத்திக்கொள்கிறார்கள்.

இந்த வேலைக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. மேசைக்கு வரும் முன் வெங்காயம், பூண்டு, வெற்றிலை கூடாது. சென்ட் போடக் கூடாது. சளி பிடித்தாலோ மருந்து சாப்பிட்டாலோ காலையிலேயே சொல்லிவிட்டு விலகிக்கொள்ள வேண்டும். நானாக வைத்துக்கொண்ட கட்டுப்பாடு ஒன்றும் உண்டு. என் மனைவி பூங்கொடியின் அண்ணன் துரைசாமி கோத்தகிரிப் பக்கம் ஒரு சிறிய தேயிலை ஃபேக்டரி நடத்துகிறார். அவருடைய தூளும் என் மேசைக்கு வரும். அதனால் அவர் ஃபேக்டரித் தூள் ஒரு பொட்டலம்கூட எங்கள் வீட்டுக்குள் வரக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவைத்திருந்தேன். மச்சான் அதை மதித்தார். தீபாவளிக்குப் பலகாரம் கொண்டுவருவார், தோட்டத்து முட்டைக்கோஸ் கொண்டுவருவார், தூள் மட்டும் கொண்டுவந்ததில்லை. நாங்கள் குன்னூர் மார்க்கெட்டில் எப்போதும் ஒரே கடையில் தூள் வாங்கிக் குடித்தோம். இதில் எனக்கு உள்ளூர ஒரு பெருமை இருந்தது.

மழை தொடங்கிய சமயத்தில் எனக்கு வயிறு கெட்டது. மெடிக்கலில் சொன்னேன், மாத்திரை கொடுத்தார்கள். போட்டதும் நின்றது, நானும் நிறுத்திவிட்டேன். மறுபடி வந்தது, மறுபடி வாங்கினேன். இப்படியே சில வாரங்கள் ஓடின. மாத்திரையை அலுவலகத்தில்தான் போடுவேன், அட்டை டேஸ்டிங் ரூமில் என் டிராயரிலேயே கிடந்தது. அலுவலகத்தில் வாய் திறக்கவில்லை. திறந்தால் என்னை எழுப்பிவிட்டு வேறொருவரை உட்கார வைப்பார்கள். வயிற்றுக்கும் நாக்குக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பிறகு சாயங்காலமானால் குளிர்க் காய்ச்சல் வந்தது. மழைக்காலத்துக் குன்னூரில் குளிர்கிறது என்று சொன்னால் யார் காது கொடுப்பார்கள்? வலது தோளில் வலித்தது, தைலம் தேய்த்தேன். ஈரலில் கோளாறு என்றால் தோளில் வலி காட்டுமாம், அது பின்னால்தான் தெரிந்தது. வலது விலாவுக்குக் கீழே யாரோ முழங்கையை ஊன்றி அழுத்துவதுபோல் இருந்தது. ஒருநாள் கப்பை நோக்கிக் குனிந்தவனால் நிமிர முடியவில்லை. அலுவலகத்திலிருந்து தகவல் போய், பூங்கொடி அண்ணனுக்குப் போன் செய்தாள். அவர் கோத்தகிரியிலிருந்து காரை எடுத்துக்கொண்டு வந்து, மேசையருகிலிருந்து என்னை ஏறக்குறையத் தூக்கிக்கொண்டு போனார்.

ஊட்டி மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்த டாக்டர் முதலில் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். வயிற்றில் பசையைத் தடவிக் கருவியை உருட்டிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் பேச்சை நிறுத்தினார். அங்கேயே திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்தார். "ஈரல்ல ஒரு நிழல் மாதிரி தெரியுதுங்க. சி.டி. எடுத்துப் பாத்துரலாம்" என்றார். நிழல் என்றால் என்ன என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. என் அப்பா போனதே ஒரு நிழலில் ஆரம்பித்துத்தான்.

சி.டி.க்குக் காத்திருந்த கூடத்தில் எல்லோரும் ஸ்வெட்டரும் மஃப்ளருமாக ஒரே மாதிரி உட்கார்ந்திருந்தோம். சுவரில் டி.வி. சத்தமில்லாமல் ஓடியது. நான் அந்த ஊமை டி.வி.யையே வெறித்துக்கொண்டிருந்தேன். பயம்தான், வேறொன்றுமில்லை. மச்சான் தன் சால்வையை எடுத்து என் மடியில் போட்டார். "பயப்படாதீங்க மாப்ள. எதுவா இருந்தாலும் பாத்துக்கலாமுங்க" என்றார். எனக்கு அந்த நேரம் அது பெரிய ஆறுதலாக இருந்தது.

நல்லவேளை, புற்று இல்லை. அமீபா என்று கண்ணுக்குத் தெரியாத கிருமி ஒன்று குடலில் புகுந்து, அங்கிருந்து ஈரலுக்குப் போய்க் கட்டியாகிச் சீழ் பிடித்திருக்கிறது என்று பெரிய டாக்டர் அம்மா விளக்கினார். உள்ளே ஒரு சின்ன ஆரஞ்சு அளவுக்குச் சீழ் இருந்ததாம். "குடிப்பழக்கம் உண்டுங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். பூங்கொடியை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி கேட்டார். அடுத்து வந்த சின்ன டாக்டரும் கேட்டார். கூட இருந்தவர்கள் முன்னால் ஒவ்வொருவரிடமும் இல்லை, இல்லை என்று சொல்லிச் சொல்லி, குடித்திருந்தாலாவது பரவாயில்லை என்று ஆகிவிட்டது.

விலாவுக்கு அடியில் மரத்துப்போக ஊசி போட்டு, ஒரு மெல்லிய குழாயை உள்ளே செருகி, மறுமுனையில் பையைக் கட்டினார்கள். சீழ் பைக்கு வந்தது. நன்றாகக் கொதித்துப்போன டீ டிகாஷன் நிறம். தொழில் புத்தி விடுமா? கலங்கல், ஒளி இல்லை என்று மனதுக்குள் மதிப்பிட்டேன். கையில் டிரிப்ஸ் வழியாக மருந்து ஏறிக்கொண்டிருந்தது. பாத்ரூமுக்குப் போவதென்றால் ஒருவர் டிரிப்ஸ் கம்பியைத் தள்ள வேண்டும், ஒருவர் பையைப் பிடிக்க வேண்டும். கம்பியைப் பூங்கொடி தள்ளுவாள். பையை மச்சான் பிடிப்பார். அவர் அதைப் பிடித்துக்கொண்டு கதவுக்கு இந்தப் பக்கம் நிற்க, நான் அந்தப் பக்கம் கூச்சத்தோடு உட்கார்ந்திருப்பேன். பை நிறைந்தால் அளவு பார்த்து நர்ஸிடம் சொல்வதும் அவர்தான்.

பூங்கொடி காலையில் பஸ்ஸில் குன்னூருக்குப் போய்ச் சமைத்து வைப்பாள். மச்சான் கோத்தகிரியிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்து, அவளையும் தூக்குச்சட்டியையும் ஃபிளாஸ்க்கையும் ஏற்றிக்கொண்டு ஊட்டிக்கு வருவார். மழையில், அந்த வளைவுகளில், தினமும்.

என் மகள் நித்யா கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். லீவ் கிடைத்ததும் வந்தாள், கவுன்ட்டரில் கட்ட வேண்டியதை என் கண்ணில் காட்டாமல் கட்டினாள், பையிலிருந்து ஒரு பழைய ஆங்கிலப் புத்தகத்தை எடுத்தாள். "அப்பா, படத்தையே எத்தன தடவ பாப்பீங்க. இதுதான் அந்தக் கதை. படிச்சுப் பாருங்க" என்றாள்.

அது எனக்குப் பிடித்த ஒற்றன் படங்களுக்கு மூலமான நாவல். அந்தப் படங்களைக் கல்லூரி நாளில் கோயம்புத்தூர்த் தியேட்டரில் பார்த்தேன். பிறகு தமிழ் பேசி டி.வி.யில் வந்தபோது விடாமல் பார்த்தேன். கல்யாணமான புதிதில் மச்சானுக்கும் எனக்கும் பேச்சு அவ்வளவாக ஓடாது. இந்தப் படங்கள்தான் எங்களைச் சேர்த்துவைத்தன. இருவரும் பக்கத்தில் உட்கார்ந்து கடலை கொறித்துக்கொண்டு பார்ப்போம். எல்லாப் படத்தையும் பார்த்துவிட்டேன், புத்தகத்தையும் படித்துவிட்டேன் என்று அவரிடம் அளந்திருந்தேன். அட்டையைக்கூடப் பார்த்ததில்லை என்பதுதான் உண்மை.

படத்தில் அந்த ஒற்றன் எதற்கும் காத்திருக்க மாட்டான். கதவைத் தொட்டால் திறக்கும், காரில் ஏறினால் பறக்கும். புத்தகத்தில் காத்திருப்பதைத் தவிர அவனுக்கு வேறு வேலையே இல்லை. மழையில் நிற்கிறான், அதிகாரி கூப்பிடுவாரா என்று உட்கார்ந்திருக்கிறான், ஷூவுக்குள் தண்ணீர் போய்விடுகிறது. மருத்துவமனையில் படுத்திருப்பவனுக்கு இதெல்லாம் நன்றாகவே புரிந்தது. ஆனாலும் எனக்கு அந்த விடுதிக் காட்சிதான் வேண்டியிருந்தது. படத்தில் அவன் ஒரு சிறிய விடுதியில் தங்குவான். அங்கே கொடுத்த காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு, கோப்பையைக் கீழே வைத்துச் சிரிப்பான். எதிரியின் வீட்டில் குடித்த அதே காப்பி! விடுதிக்கார அம்மாள் தட்டுக்கு அடியிலிருந்து துப்பாக்கியை எடுப்பாள், அதற்குள் அவன் மடக்கிவிடுவான். தியேட்டரில் விசில் பறக்கும். நாக்கை வைத்து எதிரியைப் பிடிக்கும் ஒற்றன் எனக்கு எவ்வளவு நெருக்கமானவன் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காட்சி புத்தகத்தில் வந்ததும் ஆசை தீரப் படித்தேன். காப்பியைக் குடிக்கிறான், கண்டுபிடிக்கிறான், மேலிடத்துக்குச் சொல்கிறான். அதோடு மூடிவைத்தேன். மேலே நடப்பதுதான் எனக்குத் தெரியுமே.

அன்று மத்தியானம் பூங்கொடி ஃபிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தாள். அதுவரை கஞ்சியும் இளநீருமாக இருந்தவனுக்கு டாக்டர் அனுமதித்த முதல் டீ. ஆவலாக ஒரு வாய் உறிஞ்சினேன். பித்தளை ருசி. இலையைச் சரியாக வாட்டாமல் அரைத்தால் தூளில் வருவது. எங்கள் தொழிலில் 'பிராஸி' என்போம். நாங்கள் வாங்கும் கடைத் தூளில் அது ஒருநாளும் இருந்ததில்லை. மழைக்கு இலை சரியாக வாடாது என்பதால் கொஞ்ச நாளாக மேசையில் பல தூளிலும் அது லேசாகத் தெரிந்தது, அழுத்தமாகக் கண்டது மச்சானின் தூளில்தான். இலையை இன்னும் வாட்டச் சொல்லி எழுதியும் அனுப்பியிருந்தேன்.

ஃபிளாஸ்க்கைப் பார்த்தேன். எங்கள் வீட்டு ஃபிளாஸ்க் இல்லை. அது மச்சானுடையது. முந்தின நாள் என்னை ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போனபோது, அண்ணனும் தங்கையும் கேன்டீன் ஓரமாகக் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்ததும், என்னைப் பார்த்ததும் நிறுத்தியதும் நினைவுக்கு வந்தது. ருசி, ஃபிளாஸ்க், குசுகுசுப்பு. எல்லாம் பொருந்திவிட்டது. நான் கப்பைக் கீழே வைத்தேன். சிரிக்கவும் செய்தேன் என்றுதான் நினைக்கிறேன், கடவுளே.

என் டீயை ஓரமாக வைத்துவிட்டுப் பாத்ரூமுக்குப் போக வேண்டும் என்றேன். போய்விட்டுத் திரும்பிக் கட்டிலில் உட்கார்ந்தேன். மச்சான் பையைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார்.

"மச்சான், இந்த டீ எந்தத் தூளுங்க?"

"உங்க ஊட்டுத் தூளுதானுங்க மாப்ள. பூங்கொடி போட்டது."

"என் நாக்குகிட்டயேவா சொல்றீங்க? நோவுல கெடக்கறவன் வாயில ஊத்தி ஊத்திப் பழக்கிட்டா, நாளைக்கு மேசைல உங்க தூளு நல்லாருக்குதுன்னு எழுதிருவேன்னு பாக்கறீங்க. காரு, ஓட்டம், சால்வை எல்லாம் இதுக்குத்தானுங்களே. நாக்குக்கு வெல பேச வேற நேரமே கெடைக்கலீங்களா?"

பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார். பூங்கொடி "ஏனுங்க" என்றாள். மச்சான் குனிந்து பையைக் கட்டிலின் கீழ்க் கம்பியில் மாட்டினார். என் உடம்பைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சீழ் திரும்ப உள்ளே போகும் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். குழாய் மடங்கியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"நீங்க ஒடம்பப் பாத்துக்குங்க மாப்ள" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் அவர் வரவில்லை. பூங்கொடி இரண்டு பஸ் மாறி, நனைந்து வந்து சேர்ந்தாள். சாப்பிடுங்க, திரும்பிப் படுங்க என்பதோடு சரி. அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் புத்தகத்தை எடுத்தேன்.

புத்தகத்தில் விடுதிக்கார அம்மாளிடம் துப்பாக்கி இல்லை. அவளைக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். அவன் சாமர்த்தியத்தை எல்லோரும் பாராட்டுகிறார்கள். பல பக்கங்கள் கழித்துத்தான் தெரிகிறது, அந்த ஊரில் காப்பிக்கொட்டை விற்கும் கடையே ஒன்றுதான், ஊரே அங்கேதான் வாங்குகிறது. அவன் விடுதிக்குத் திரும்பிப் போகிறான். கதவைத் திறப்பது வேறு யாரோ. அந்த அம்மாள் எங்கே என்று கேட்கக்கூட வாய் வராமல் மழையில் திரும்பி நடக்கிறான். எனக்கு எரிச்சலாக இருந்தது. படத்தில்தான் சரியாக எடுத்திருக்கிறார்கள், எழுதினவருக்குக் கதை சொல்லத் தெரியவில்லை என்று நினைத்தேன்.

பூங்கொடி ஆரஞ்சை உரித்து ஒரு சுளை நீட்டினாள். வாயில் போட்டேன். பித்தளை.

தண்ணீர் குடித்தேன். தண்ணீரிலும் அதே ருசி. கஞ்சியில்கூட இருந்தது இப்போதுதான் உறைத்தது. அதைப் பாத்திரத்தின் வாடை என்று விட்டிருந்தேன். ஆரஞ்சில் இலையை யார் வாட்டுகிறார்கள்? மீதிச் சுளைகளைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

டாக்டர் அம்மா ரவுண்ட்ஸ் வந்தபோது கேட்டேன். அவர் சாதாரணமாகச் சொன்னார். "அது நாங்க ஏத்தற மெட்ரோனிடசோல் மருந்தால. வாயில உலோக ருசி அடிக்கும். மருந்து நின்னு கொஞ்ச நாள்ல சரியாயிரும்." அந்தப் பெயரை நான் படித்திருக்கிறேன். என் டிராயரில் கிடந்த அட்டையிலும் அதுதான் அச்சிட்டிருந்தது. அரைகுறையாக அதைப் போட்டுப் போட்டு நிறுத்தியதால்தான் கிருமி சாகாமல் ஈரல்வரை போயிருக்கலாம் என்றும் சொல்லிவிட்டு அவர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

பூங்கொடியும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். டேஸ்டர் வீட்டுக்காரிக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

"அந்த மாத்திரைய எப்ப இருந்துங்க போடறீங்க?"

"மழை ஆரம்பிச்சதுல இருந்து."

"அண்ணன் தூளு பித்தளை அடிக்குதுன்னு எழுதி அனுப்புனதும் அப்பத்தானுங்களே?"

நான் தலையை ஆட்டினேன். அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். பிறகு, கேன்டீன் ஓரத்தில் அண்ணன் என்ன சொன்னார் என்பதைச் சொன்னாள். நான் எழுதி அனுப்பியதைப் பார்த்த மச்சான் தானும் குடித்துப் பார்த்திருக்கிறார். அவர் வாய்க்கு ஒரு குறையும் தெரியவில்லை. மாப்ள நாக்கு பொய் சொல்லாது என்று இலையைத் தொட்டியில் இன்னும் கூடுதல் நேரம் கிடத்தி, காற்றாடியை நிறுத்தாமல் ஓட்டி வாட்டச் சொல்லியிருக்கிறார். இலை சருகாகி, தூளில் உயிரே இல்லாமல் போய்விட்டது. நன்றாக இருந்த தூள் இப்போது உண்மையாகவே கெட்டுவிட்டது. "எங்க தப்பு பண்றேன்னே தெரியல, மாப்ளைக்கு ஒடம்பு தேறட்டும், அவரையே கேட்டுக்கறேன், இப்ப அவர்கிட்டச் சொல்லிப் பாரத்த ஏத்த வேண்டாமுன்னு சொன்னாருங்க" என்றாள். பிறகு, "நம்ம ஃபிளாஸ்க் மூடி இங்க வந்த அன்னிக்கே காணாமப் போச்சு. நீங்க இருந்த நெலையில கவனிச்சிருக்க மாட்டீங்க" என்றாள். அதைச் சொன்னபோதுதான் அழுதாள்.

எனக்கு வந்தது அழுகைகூட இல்லை. அவமானம் உடம்பெல்லாம் சூடாக ஏறியது, மறுபடி காய்ச்சலோ என்று கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். அவர் தன் நாக்கை விட்டு என் நாக்கை நம்பினார். நான் அதே நாக்கை வைத்து அவர் முகத்தில் துப்பினேன்.

அலுவலகத்துக்குப் போன் செய்து மாத்திரை விஷயத்தைச் சொன்னேன். மழை தொடங்கியதிலிருந்து நான் பார்த்ததில் மிச்சமிருக்கும் மாதிரிகளை எல்லாம் வேறொருவரைப் பார்க்கச் சொன்னேன். மேலாளர் "மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்களே" என்றார். சாயங்காலம் அவரே கூப்பிட்டார். மச்சானின் பழைய மாதிரியில் பித்தளை இல்லை. நல்ல தூள். நான் எப்போது மேசைக்குத் திரும்புவேன் என்று அவர் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

குழாயை எடுத்து, மாத்திரை எழுதிக் கொடுத்து, வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். பூங்கொடி யாரைக் கூப்பிட்டாள் என்று நான் கேட்கவில்லை. துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோது வாசலில் மச்சான் நின்றார். வழக்கம்போல் ஒரு கையில் குடை, ஒரு கையில் அதே ஃபிளாஸ்க். பூங்கொடி கவுன்ட்டருக்குப் போகிறேன் என்று வெளியே போய்விட்டாள்.

சொல்ல வேண்டியதை எப்படிச் சொல்வது என்று முந்தின நாளெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். எல்லாம் மறந்துபோயிற்று. மாத்திரை போட்டதை, அலுவலகத்தில் மறைத்ததை, ஆரஞ்சுச் சுளையை, பழைய மாதிரியை மறுபடி பார்த்ததை ஒன்றன்பின் ஒன்றாகக் கொட்டினேன். அவர் குடையை மூலையில் சாய்த்து வைத்துவிட்டுக் கேட்டார். நான் முடித்ததும் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அப்ப அந்த எலை நல்லாத்தான் வாடியிருந்துச்சுங்களா?"

"நல்லாத்தான் வாடியிருந்துச்சுங்க மச்சான். உங்க வாய்க்குத் தெரிஞ்சதுதானுங்க சரி. என்ன மன்னிச்சிருங்க."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "எனக்கும் அப்படித்தானுங்க தோணுச்சு. நீங்க சொல்றீங்களேன்னு..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். மன்னித்தேன் என்றோ, பரவாயில்லை என்றோ சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கொஞ்ச நேரம் கழித்து ஃபிளாஸ்க்கை எடுத்தார். மூடியைத் திருகும் முன்பே, "உங்க ஊட்டுத் தூளுதானுங்க மாப்ள" என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் கப்பில் ஊற்றி நீட்டினார். நான் வாங்கவில்லை.

"நீங்க மொதல்ல குடிங்க மச்சான். எப்படி இருக்குதுன்னு சொல்லுங்க."

அவர் என்னையும் கப்பையும் பார்த்தார். இத்தனை வருஷத்தில் நான் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை. ஒரு வாய் குடித்தார். அவசரப்படாமல் இன்னொரு வாய் குடித்தார்.

"நல்லாருக்குதுங்க. கொஞ்சம் ஸ்ட்ராங்கு."

கப்பை வாங்கிக் குடித்தேன். வாய் நிறையப் பித்தளைதான் இருந்தது.

"ஆமாங்க மச்சான். கொஞ்சம் ஸ்ட்ராங்குதான்" என்றேன்.